ஜோடியாள்

கொளஞ்சியம்மாள் ஆளானதும் ஆளாகச் சேர்ந்ததும் ஒரே வருஷத்தில். முதலாவது நடந்தபோது ஒன்பது நாள் குச்சுக்குள் உட்காரவைத்து, உளுந்தங்களி கிண்டிக் கொடுத்து, தாய்மாமன் சீர் கொண்டுவந்து, தெருவே திரண்டு மஞ்சள் தண்ணீர் ஊற்றியது. இரண்டாவது நடந்தபோது யாரும் வரவில்லை. பத்தாம் நாள் விடியற்காலையில் அம்மா ஒரு பழைய புடவையைக் கிழித்துச் சும்மாடு சுருட்டிக் கையில் கொடுத்தாள். மரக்காணத்து உப்பளத்தில் அப்போதிருந்த மேஸ்திரி அவளை மேலும் கீழும் பார்த்து, அரை ஆள், அரைக் கூலி என்றார். அந்தச் சடங்கு அதோடு முடிந்தது.

நாலு வருஷம் கழித்துப் பெண் பார்க்க வந்த கலியனின் அம்மா, சமைக்கத் தெரியுமா, கோலம் போடுவாளா என்றெல்லாம் கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. பெண் அரை ஆளா முழு ஆளா என்று கேட்டாள். முழு ஆளாகி ரெண்டு வருஷம் ஆகிறது என்று கொளஞ்சியின் அப்பா மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார். தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் வேலை பார்த்த அளத்தில் ஒற்றை ஆளை எடுக்கிற வழக்கமே இல்லை. ஜோடியாகத்தான் எடுப்பார்கள். ஆண் பாத்தியில் இறங்கி நீளக் காம்பு போட்ட பலகையால் உப்பை வாரி வரப்போரம் கூட்டுவான். பெண் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து ரோட்டோரத்து மேட்டில் கொட்டுவாள். வாருகிறவன் வராவிட்டால் சுமக்கிறவள் திரும்பிப் போகவேண்டியதுதான். பெண்கள் பலகையைத் தொடக்கூடாது என்று யார் எப்போது சொன்னார்களோ தெரியாது, தொட்டதில்லை. ஆகவே அந்தத் தெருக்காரர்களுக்குக் கல்யாணம் என்றால் அதில் பாதி, வேலை கிடைத்த மாதிரி.

தினமும் இருட்டு பிரிவதற்கு முன்னால் அளத்து முனையில் நின்று மேஸ்திரி பெயர் கூப்பிடுவார். ஆண்களின் பெயர் மட்டும்தான். பாவாடை ஜோடி, ஆரோக்கியராஜ் ஜோடி, கலியன் ஜோடி. பெயருக்குரியவன் "இருக்கன்" என்று குரல் கொடுத்துவிட்டு வரப்பில் ஏறுவான். பின்னாலேயே அவன் ஜோடியாள் கூடையோடு போவாள். கல்யாணமான புதிதில் இது கொளஞ்சியம்மாளுக்கு உறுத்தியது. எம் பேரச் சொன்னா அவரு வாயி வெந்துடுமா என்று கலியனிடம் சண்டைக்குப் போனாள். அவன் சிரித்துக்கொண்டு, மேஸ்திரியிடம் சொல்லி நாளையிலிருந்து உன் பெயரை ரெண்டு தடவை கூப்பிடச் சொல்கிறேன் என்றான். சொல்லவில்லை, அவன் எதைச் சொன்னான்? ஆனால் வருஷங்கள் போகப்போக அந்த உறுத்தல் அவளிடமிருந்து எப்படியோ கழன்றுவிட்டது. இருட்டில் பத்துப் பேர் பெயருக்கு நடுவே "கலியன் ஜோடி" என்று கேட்டதும் மனசுக்குள் ஒரு நிம்மதி வரும். இன்றைக்கும் இருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம்.

கலியன் வேலையில் கெட்டிக்காரன். உப்பு வாருவது பார்க்கத்தான் லேசு. பலகையை அழுத்திப் போட்டால் அடியிலிருக்கிற சேறும் சேர்ந்து வந்துவிடும். தூக்கிப் போட்டால் பாதி உப்பு பாத்தியிலேயே தங்கிவிடும். நகக்கனம் அடியில் விட்டு மேலே இருப்பதை மட்டும் இழுக்கவேண்டும். வருஷா வருஷம் வேலை தொடங்குவதற்கு முன் எல்லா ஆளும் வரிசையாக நின்று பாத்தியின் களிமண் தரையை மிதிப்பார்கள். அப்படிப் பல வருஷம் மிதிபட்டு மிதிபட்டுத் தரை சிமெண்டாக இறுகியிருக்கும். அந்தத் தரையில் பலகை உரசுகிற சத்தத்தை வைத்தே கலியன் அளவு பிடிப்பான். அவன் குவியலில் ஒரு கறுப்புப் பொட்டுகூட இருக்காது. மேஸ்திரி தட்சணாமூர்த்தி புதிதாக வருகிறவர்களிடம், வாருறதுன்னா கலியன் வாருற மாதிரி வாரணும் என்று சொல்வார். கலியன் காதில் விழாத மாதிரி நிற்பான். வீட்டுக்கு வந்ததும் அதைக் கொளஞ்சியிடம் அவர் குரலிலேயே சொல்லிக்காட்டுவான்.

2004 டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடல் உள்ளே வந்தது. மழைக்காலம், அளத்தில் வேலை இல்லை. பார்த்தவர்கள் ரெண்டு ஆள் உயரம் என்றார்கள். பார்க்காதவர்கள் பனைமர உயரம் என்றார்கள். கடலை அளக்கவும் நம் ஊரில் ஆள்தான் அளவு. அன்று மத்தியானம் தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், உங்க வூட்ல ஆள் எல்லாம் இருக்குதா என்று. பாவாடை வீட்டில் ஒரு ஆள் இல்லை. அவன் பெண்சாதி சாலம்மாள் மீன் வாங்கக் கடற்கரைக் குப்பத்துக்குப் போயிருந்தாள். மூன்றாம் நாள், கால்வாயோரத்து முள்ளுப் புதரில் கிடைத்தாள்.

அதே கால்வாய் வழியாகத் தண்ணீர் அளத்துக்குள்ளும் வந்து வரப்பையெல்லாம் உடைத்துக்கொண்டு போயிருந்தது. கிழக்குப் பக்கத்துப் பாத்திகளில் முழங்கால் அளவுக்குக் கறுப்புச் சேறு. அப்புறம் லாரியிலும் ஜீப்பிலும் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். படகு போனவனுக்குப் படகு, வலை போனவனுக்கு வலை என்று எழுதிக்கொண்டார்கள். நல்லவர்கள்தான், ஆனால் அவர்கள் கையிலிருந்த தாளில் அந்தக் கட்டங்கள்தான் இருந்தன. உப்பளத்து ஆளுக்கு என்ன போயிற்று என்று சொல்வது? பலகை ஒன்று, கூடை ஒன்று. தரை போயிற்று என்று சொன்னால், தரை உன்னுடையதா என்று கேட்பார்கள். கொளஞ்சியம்மாள் வரிசையில் அரைநாள் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கடல் வந்தது ஊருக்கே தெரிந்த கதை. அவர்கள் வீட்டுக்குள் வந்ததோ ஒருவருக்கும் தெரியாது. கலியனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளை உப்பின்மேல் வெயில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குக் கண் மங்குவது அங்கே புதிதில்லை. நாற்பது வயசுக்கு மேல் எல்லாரும் இடுக்கிப் பார்க்கிறவர்கள்தான். கலியனுக்கு இது அதற்கு மேலே போயிற்று. முதலில் ஓரங்கள் இருண்டன, பிறகு நடுவிலும் புகை படிந்தது. கிளியனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டிருந்தார்கள். கொளஞ்சி அவனை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். சீட்டு எழுதின நர்ஸ், கூட வந்திருக்கிற ஆள் யார், என்ன உறவு என்று கேட்டாள். ஜோடியாள் என்று கொளஞ்சி சொன்னாள். நர்ஸுக்குப் புரியவில்லை. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கலியன்கூடச் சிரித்தான். அதுதான் அவன் கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது என்று அவள் பிற்பாடு நினைத்துக்கொள்வாள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, புரையாக இருந்தால் எடுத்துவிடலாம், இது நரம்பு காய்ந்துபோனது, இனிமேல் வராது என்றார். சொல்லிவிட்டு, அடுத்த ஆள் என்று கூப்பிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது கொளஞ்சி முடிவு செய்துவிட்டாள். யாருக்கும் சொல்லக்கூடாது. மேஸ்திரிக்குத் தெரிந்தால் ஜோடி உடையும். உடைந்தால் அவளுக்கும் வேலை போகும். அதைக்கூட அவள் எப்படியாவது தாங்கிக்கொள்வாள், களை எடுக்கப் போகலாம், சித்தாளாகக் கல் சுமக்கப் போகலாம். காலையில் யாரும் கூப்பிடாத பெயராகக் கலியன் வீட்டில் உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தத் தெருவில் அப்படி உட்கார்ந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். ஆறு மாசத்தில் ஆளே மாறிப்போவார்கள். ஒரு வருஷத்தில் ஆளே இருக்கமாட்டார்கள். அவள் பயந்ததெல்லாம் அது ஒன்றுக்குத்தான்.

2005-ஆம் வருஷம் பங்குனியில் சேறு அள்ளி, தரை மிதித்து வேலை தொடங்கியபோது அவள் கண்டுபிடித்த வழி, பேசுவது. இயல்பிலேயே வாய் பேசாதவள் அவள். இப்போது வீட்டைவிட்டுப் படியிறங்கியதிலிருந்து மேட்டில் கடைசிக் கூடை கொட்டுகிறவரை பேசிக்கொண்டே இருந்தாள். இந்த எடத்துல வரப்பு ஒடைஞ்சிருக்குதே, யாரும் கட்டமாட்டாங்களா. இந்த மூலையில இன்னும் உப்பு கெடக்குதே. ஆரோக்கியராஜ் அண்ணன் எதுக்க வர்றாரு பாரு. எல்லாம் கலியனுக்கு வழி சொல்வதுதான், கேட்கிறவர்களுக்கு வெறும் வளவளப்பு. இருட்டோடு வாரும் வேலை என்பதால் முதல் ரெண்டு மணி நேரம் எந்த ஆணுக்கும் கண் தேவையில்லை. வெளிச்சம் வந்ததும் எல்லாரையும் போல அவனும் துண்டை நெற்றிக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டான். பாத்தி அவனுடைய பழைய பாத்தி. கடல் அந்தப் பக்கம் அவ்வளவு சேறு கொண்டுவரவில்லை. தரை பழைய தரைதான், அவன் கால் அதை நன்றாக அறியும். அந்த வருஷம் முழுக்க அவன் குவியல் வெள்ளையாகவே இருந்தது.

மற்றப் பெண்கள் கேலி செய்தார்கள். கொளஞ்சிக்கு இந்த வயசுல புருஷன்கிட்ட இன்னா அப்பிடிப் பேச்சு, புது ஜோடி கணக்கா இருக்குதே என்று. அவள் வெட்கப்படுகிறமாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சில நாள் உண்மையிலேயே வெட்கம் வந்தது.

கெடுதல் வந்தது கலியனுக்கு இருந்த நல்ல பெயரால். 2006 சித்திரையில் கிழக்குப் பக்கத்துப் பாத்திகளைத் திறந்தார்கள். கடல் போட்ட சேற்றுக்கு மேலேயே புதிதாகக் களிமண் பரப்பி ஒரே ஒரு பருவம் மிதித்த தரை. மேலே உப்பு நன்றாகப் பூத்திருந்தது, கீழே இன்னும் இளக்கம். இந்தத் தரையில் நல்ல ஆள்தான் பலகை போடமுடியும் என்று மேஸ்திரி சொல்லி, கலியன் ஜோடியை அங்கே மாற்றினார். கொளஞ்சி முட்டி வலியைச் சொல்லிப் பார்த்தாள், மேடு தூரமாக இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். ரெண்டு நாள் போய்ப் பாரு, அப்புறம் பேசலாம் என்றுவிட்டார். கலியனோ, மேஸ்திரி பத்துப் பேர் முன்னால் தன்னை நல்ல ஆள் என்று சொன்ன சந்தோஷத்தில் இருந்தான்.

மறுநாள் இருட்டோடு இறங்கினார்கள். புதுத் தரையில் பலகை சத்தமே போடவில்லை. அது கலியனுக்குக் கொஞ்சம் திகைப்பாக இருந்தது. ஆனால் இழுக்க இழுக்கக் கனமாக வந்தது. இந்தப் பக்கம் உப்பு கனமாகப் பூத்திருக்குது கொளஞ்சி என்று சொல்லிக்கொண்டு உற்சாகமாக வாரினான். அவள் முதல் கூடையைச் சுமந்தாள், வழக்கத்தைவிடப் பாரம். இரண்டாவது கூடையில் சும்மாட்டைத் தாண்டிக் கன்னத்தில் வழிந்த தண்ணீர் கொழகொழவென்று இருந்தது. மூன்றாவது கூடை அள்ளும்போது விரலிடுக்கில் களி ஒட்டியது. குனிந்து முகர்ந்தாள்.

அவன் தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தான்.

அந்த இடத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். வருஷம் முழுக்க ஓயாமல் பேசினவள், பேசவேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டாள். சொன்னால் அவன் பாதியில் நிற்பான். கலியன் பாதியில் நின்றால் பக்கத்துப் பாத்திக்காரன் திரும்பிப் பார்ப்பான், மேஸ்திரி வருவார். அந்தக் கோடியில் தரை கெட்டியாக இருக்கலாம், அடுத்த கூடை வெள்ளையாக வரலாம் என்று நினைத்தாள். வெள்ளையை மேலே கொட்டி இதை மூடிவிடலாம் என்றும் நினைத்தாள். ஒவ்வொரு கூடைக்கும் அப்படியே நினைத்துக்கொண்டு சுமந்தாள். விடிந்தபோது மேட்டில் அவள் கொட்டின குவியல், மற்றவர்களின் வெள்ளைக் குவியல்களுக்கு நடுவில், அப்பட்டமாகக் கறுப்பாக நின்றது. கடைசியாக நாலு கூடை வெள்ளை உப்பு வந்திருந்தது. அதனால் என்னத்தை மூடுவது?

மேஸ்திரி குவியலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து ஒரு கை அள்ளிப் பிசைந்து பார்த்தார். அப்படியே அதைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்து போய், பாத்திக்குள் நின்ற கலியனின் முகத்துக்கு நேரே நீட்டினார். கலியன் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. ஏதோ ஆள் அரவம் கேட்டு நிமிர்ந்தவன் அப்படியே நின்றான். தட்சணாமூர்த்தி கெட்ட மனுஷர் இல்லை. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"ஏம்பா கலியா, உப்பு எப்பிடி இருக்குது?"

கொளஞ்சி இருபது அடி தள்ளி, தலையில் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். ஏதாவது சொல்லி மறிக்கவேண்டும் என்று நினைத்தாள். ஆனால் அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

கலியன் பலகையை ஊன்றிக்கொண்டான். "நல்ல வெள்ள உப்பு மேஸ்திரி. அடுத்த வாருக்கு இன்னும் நல்லா பூக்கும் பாருங்க."

சுற்றிலும் பலகைகள் நின்றுவிட்டன. யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் கொளஞ்சி அந்த ஆள்மேல் மண்ணை வாரித் தூற்றிவிட்டாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். மேஸ்திரி கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு, சரிப்பா, கையக் கழுவிக்கினு வூட்டுக்குப் போ என்றார். கையை எதற்குக் கழுவவேண்டும் என்று கலியனுக்கு உடனே புரியவில்லை. உப்பு வாருகிறவன் கையில் உப்பு இருக்கும், அதை யார் கழுவினார்கள். பிறகு கையைத் தூக்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனான். ரொம்ப நேரம் முகர்ந்துகொண்டே நின்றான். கொளஞ்சி கூடையை இறக்கிவிட்டு, போய் அவன் கையைப் பிடித்தாள். இருபத்தொன்பது வருஷத்தில் பகலில் பத்துப் பேர் பார்க்க அவள் அவன் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் பாத்தித் தரை கிழிந்து போயிற்று, மறுபடி பரப்பி மிதிக்க அந்தப் பருவம் பூராவும் ஆகும் என்றார்கள். அதற்காக யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டு என்பது ஆளுக்குக் கொடுக்கிற மரியாதை, அதுவும் கிடைக்கவில்லை.

நாலாம் நாள் மேஸ்திரி வீட்டுக்கே வந்தார். பாவாடை பெண்சாதி செத்ததிலிருந்து ஜோடி இல்லாமல் வரப்புக் கட்டுகிற சில்லறை வேலை பார்த்துக்கொண்டிருந்தான். உடைஞ்சது ரெண்டும் சேர்ந்தால் ஒரு ஜோடி ஆகும், உனக்கும் வேலை இருக்கும், அவனுக்கும் இருக்கும் என்று கலியன் காதில் விழும்படியே கொளஞ்சியிடம் சொன்னார். ஒளித்துச் சொல்லவில்லை, அது நியாயம்தான். கொளஞ்சி சுவரைப் பார்த்தாள். கலியன்தான் பதில் சொன்னான், போவா மேஸ்திரி என்று.

மகள் அமராவதி பொம்மையார்பாளையத்திலிருந்து ஒரு நாள் வந்து போனாள். அவள் புருஷன் ஆரோவில்லில் தோட்டத்து ஆள், ஒற்றை அறை வீடு, மூன்று பிள்ளைகள். அப்பாவை அங்கே அனுப்பு என்று சொல்லத்தான் வந்தாள். வந்து உட்கார்ந்து, அவனைப் பார்த்து அழுதுவிட்டு, சொல்லாமலே போனாள்.

பாவாடையைப் பற்றி ஒரு குறையும் சொல்வதற்கில்லை. முதல் நாளே அவளை யக்கா என்று கூப்பிட்டுவிட்டான். அவள் முகத்தைப் பார்த்து அவன் பேசினதில்லை. குழாயடியில் ரெண்டு பேர், கொளஞ்சி ஆளை மாத்திட்டா என்று சொல்லிச் சிரித்தார்களாம். அப்படிச் சிரித்தவர்கள் வாயில் அந்த உப்பையே அள்ளிப் போடவேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. கொளஞ்சியம்மாளுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. அவளை வதைத்தது காலையில் பெயர் கூப்பிடுகிற நேரம்தான். முதல் நாள் மேஸ்திரி "பாவாடை" என்று சொல்லி நிறுத்தி, எச்சில் விழுங்கி, அப்புறம்தான் "ஜோடி" என்றார். அடுத்த வாரம் நிறுத்தாமலே சொல்லப் பழகிவிட்டார். ஒவ்வொரு நாளும் கூப்பிட்டு முடியும்வரை அவள் கலியன் பெயருக்காகக் காத்திருந்தாள். இல்லை என்று தெரிந்தும் காது அதற்காகவே நின்றது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கலியன் ஒரே ஒரு கேள்வி கேட்பான். "இன்னிக்கு இன்னா சொல்லிக் கூப்ட்டாரு?"

முதல் நாளே அவள் பொய் சொல்லிவிட்டாள். "கலியன் ஜோடின்னுதான். பழக்கம் வுடுமா அவருக்கு."

அவன் அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டான். அன்று ரெண்டு கை சோறு கூடச் சாப்பிட்டான். அப்புறம் அது தினசரி ஆகிவிட்டது. வைகாசி, ஆனி, ஆடி எல்லாம் அந்தப் பொய்யில்தான் ஓடின. அவன் மெலிந்துகொண்டு வந்தான். காலையில் அவள் கிளம்பும்போது தானும் எழுந்து துண்டைத் தலையில் இறக்கிக் கட்டிக்கொள்வான். பிறகு கதவுப் பக்கத்தில் நாள் முழுக்க அப்படியே உட்கார்ந்திருப்பான். யாராவது வந்து, வீட்ல ஆள் இல்லையா என்று அவன் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டுப் போவார்கள். அவனும் இல்லை என்பான்.

ஆவணியில் ஒரு நாள் திடீரென்று மழை அடித்து, அளத்தில் வேலை நின்றது. ரெண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள். ஓட்டிலிருந்து ஒழுகுகிற இடத்தில் கொளஞ்சி குண்டான் வைத்துக்கொண்டிருந்தாள். கலியன் முகத்தைத் திருப்பாமல் கேட்டான்.

"அன்னிக்கு எத்தினாவது கூடையில தெரிஞ்சுது உனக்கு?"

எதைக் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. விடிந்த பிறகுதான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். அத்தனை மாசம் பொய் சொன்ன வாய்க்கு அது ஒரு பாரமா? ஆனால் அவன் அவள் நடையைக் கேட்டுக்கேட்டு ஒரு வருஷம் வேலை பார்த்தவன். மூன்றாவது கூடைக்குப் பிறகு அவள் கால் தயங்கினது அவன் காதுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

"மூணாவது கூடையில" என்றாள்.

குண்டானில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் முகத்தை அவள் பக்கம் திருப்பினான்.

"அப்பவே சொல்லியிருந்தியானா, வவுறு வலிக்குதுன்னு நானே ஏறி வந்திருப்பன். நானா ஏறி வந்திருந்தா அது வேற. அத்தினி பேரு முன்னால வெள்ளன்னு சொல்ல வுட்டியே கொளஞ்சி."

"நீ ஆளா நிக்கணும்னுதான்யா வாய மூடிக்கினேன்."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். அவனுக்குக் கோபம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. கோபம் இருந்தால் தேவலாம் என்று இருந்தது. தடவித் தடவி அவள் இருந்த இடத்துக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் முதுகில் கையை வைத்தான்.

"நாளையிலேந்து அவரு இன்னா சொல்லிக் கூப்புடுறாரோ அத சொல்லு" என்றான். "எனக்கு எப்பவோ தெரியும்."

மறுநாள் வெயில் அடித்தது. வேலை இருந்தது. இருட்டோடு போனாள், பெயர் கூப்பிட்டார்கள், பாவாடை "இருக்கன்" என்றான், அவன் பின்னால் நடந்தாள், கூடை சுமந்தாள். திரும்பி வரும்போது வழியெல்லாம் அந்த ரெண்டு வார்த்தையைத்தான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள், வெளியே வரவில்லை.

வீட்டில் கலியன் துண்டை மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தான். அன்று காலையில் அவன் அதைத் தலையில் கட்டவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அவள் சோறு வடித்து, தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"இன்னிக்கு இன்னா சொல்லிக் கூப்ட்டாரு?"

"பாவாடை ஜோடின்னு" என்றாள்.

அவன் கையால் தடவித் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"ம். கொழம்ப ஊத்து" என்றான்.